நாற்பத்தேழாம் நம்பர்

அது ஐந்து மாடிக் கடை. முன்வாசலில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டுக் குனிந்து வணக்கம் சொல்லவே இரண்டு பேருக்குச் சம்பளம். பின்வாசலில் வேலைக்காரர்களுக்கு ஓர் இரும்பு மேசை. சாப்பிட வெளியே போவதென்றால் அதன் மேல் பையைக் கவிழ்க்க வேண்டும். சீப்பு, மாத்திரை, மகள் கிறுக்கிய காகிதம் என்று உள்ளே இருப்பதையெல்லாம் வரிசையில் நிற்கிற நாற்பது பேரும் பார்க்கப் பரப்பிவிட்டு, மறுபடி அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சாப்பாட்டுக்குக் கிடைக்கிற அரை மணியில் பத்து நிமிஷம் இந்தக் கூத்திலேயே போய்விடும்.

மேசைக்குப் பின்னால் சுவரில் மூன்று போட்டோக்கள் ஒட்டியிருந்தன. திருடி மாட்டிக்கொண்டவர்கள். அந்த வட்டாரத்துக் கடைகள் எல்லாம் இந்தப் படங்களைத் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும். ஒரு சுவரில் முகம் ஏறிவிட்டால் வேறு எந்தக் கடையிலும் தரை துடைக்கக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

அன்றைக்கு மூக்கியின் பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி உருண்டு வந்தது.

மூக்கி என்பது கடை வைத்த பெயர். கிடங்கில் வயர் கருகுவதை அலாரம் அடிப்பதற்கு அரை மணி முன்பே மோப்பம் பிடித்துச் சொன்னவள். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. கீழ்த்தளத்தில் சென்ட் கவுண்டரில் வேலை. நாலு வருஷமாகிறது.

செக்யூரிட்டி அம்மா புட்டியை எடுத்துத் திறந்து மூக்கருகில் கொண்டுபோனார். முகம் மாறியது.

"இது கீழ கண்ணாடி அலமாரியில வச்சிருக்கிற அந்தப் பூ சென்ட்டு ஆச்சே?"

"இல்லம்மா, அதோட காப்பி. மார்க்கெட்டுக்குப் பின்னாடி சென்ட் கலக்கிற கடை இருக்குல்ல, அங்க வாங்கினது. ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு நம்பர் போடுவாங்க, இது நாற்பத்தேழாம் நம்பர்."

"நம்பர் எங்க?"

"ஸ்டிக்கர் உரிஞ்சு போச்சு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். "ஸ்டிக்கர் எப்பவும் அப்பத்தான் உரியும்" என்றது ஒரு குரல். மூக்கிக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. செக்யூரிட்டி அம்மா வாக்கி டாக்கியை எடுத்தார்.

மேனேஜர் அறையில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கம்பெனி மேடம். அந்தப் பூ சென்ட்டைத் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து மூன்று மாசத்துக்கு ஒருமுறை வந்து, கவுண்டர் பெண்களை நிற்க வைத்து, எப்படிச் சிரிப்பது, எப்படிப் பேசுவது என்று பாடம் நடத்துகிறவள். அன்று காலைதான் எல்லோரையும் வைத்துக்கொண்டு, விற்பனையில் இந்தக் கவுண்டர்தான் முதலிடம் என்று கைதட்ட வைத்திருந்தாள். மூக்கியும் தட்டியிருந்தாள்.

மேனேஜர் கவுண்டரிலிருந்து டெஸ்டர் புட்டியை வரவழைத்தார். வாடிக்கையாளர் மோந்து பார்ப்பதற்கென்று கம்பெனி இலவசமாக அனுப்புகிற புட்டி அது. மேடம் இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் டெஸ்டரையும் மற்றதில் மூக்கியின் புட்டியையும் அடித்து, விசிறி விசிறி மோந்தாள்.

"சந்தேகமே வேணாம். நம்மளோடதுதான். இருபது வருஷமா இதைத்தான் மோந்துகிட்டிருக்கேன்."

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "டெஸ்டர்ல இருந்து எடுத்து இதுல ஊத்திக்கிட்டே. அவ்வளவுதானே?"

"சார், சத்தியமா இல்ல. நீங்களே யோசிங்க, காலையில நாங்க வேலைக்கு ஏறும்போது கவுண்டர்ல நிக்கிறவங்க அந்த வாசனையோடதான் நிக்கணும்னு ரூல் போட்டது யாரு?"

அவள் சொன்னது உண்மைதான். ரூல் போட்டது கம்பெனி. முதலில் வருஷத்துக்கு ஒரு புட்டி கொடுத்தார்கள். அதை நிறுத்தினார்கள். பிறகு டெஸ்டரிலிருந்து காலையில் இரண்டு அடி அடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அதையும் நிறுத்தினார்கள். ரூலை மட்டும் நிறுத்தவில்லை. அந்த சென்ட் ஒரு புட்டி மூக்கியின் ஒன்றரை மாசச் சம்பளம். நாற்பத்தேழாம் நம்பர் இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. அவர்களுடைய சரக்கை விற்பதற்காகத் தன் கைக்காசைப் போட்டு அதே வாசனையை வாங்கிப் பூசிக்கொண்டு வருகிறவளைப் பார்த்துத் திருடி என்கிறார்கள். இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன இருக்க முடியும்?

"பெரியக்காவைக் கேளுங்க சார். அவங்கதான் அந்தக் கடையையே எனக்குக் காட்டினாங்க."

பெரியக்கா கவுண்டருக்குத் தலைமை. பதினோரு வருஷ அனுபவம். மூக்கியின் மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் தன் லீவை விட்டுக்கொடுத்து மூக்கிக்குப் பதிலாக நின்றவள். வயசு வித்தியாசம் ஐந்தாறுதான் என்றாலும் எல்லோருக்கும் பெரியக்கா. டெஸ்டரைக் கொண்டுவந்தவளும் அவள்தான், கதவோரம் நின்றிருந்தாள்.

"கடை இருக்குன்னு பொதுவாச் சொல்லியிருப்பேன் சார்" என்றாள் பெரியக்கா, தரையைப் பார்த்துக்கொண்டு. "இவ அங்க வாங்கினாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மூக்கி அவளை வெறித்துப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒன்றாகப் பஸ்ஸேறிப் போய், பேரம் பேசி, ஆளுக்கொரு புட்டி வாங்கிக்கொண்டு, திரும்பும்போது ஒருத்தி மணிக்கட்டை ஒருத்தி மோந்து சிரித்தது போன மாசம்தான். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று மூக்கி நினைத்தாள். மேனேஜர் முன்னால் யாருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். அப்படித்தான் நினைத்தாள், பாவம்.

"அப்ப அந்தக் கடைக்கே ஆள் அனுப்புங்க சார். இன்னொரு புட்டி வாங்கிட்டு வந்து பாருங்க."

"டூப்ளிகேட் கடைக்கு என் ஆளை அனுப்பவா? மேடம் உட்கார்ந்திருக்காங்க, என்ன பேசறே?" மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். "எடுத்தேன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு. போலீஸ் வேணாம். போட்டோ மட்டும் ஒட்டுவோம். அது ரூல்."

மூக்கி இரண்டு அட்டைகளையும் எடுத்து மோந்து பார்த்தாள். அவளுக்கும் ஒன்றாகத்தான் இருந்தது. அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு வாசனையைத் தினமும் பூசிக்கொண்டு திரிகிறவளின் மூக்கு அந்த வாசனைக்கு மரத்துப்போகும். சென்ட் விற்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் கோளாறு இது. ஆனால் அவளிடம் வேறொன்று இருந்தது.

"நாலு மணி நேரம் கொடுங்க."

"எதுக்கு? ஓடவா?"

"மொத ஒரு மணி நேரம் ரெண்டும் ஒண்ணுதான் சார். காப்பியடிக்கிறவன் அதுக்கு மட்டும்தான் மெனக்கெடுவான். வாங்க வர்றவ கடையில அவ்வளவு நேரம்தானே நிப்பா? மூணாவது மணியில இருந்துதான் குட்டு வெளிப்படும். அசல்ல பூ வாடும். வாடும்போது காம்பு வாசனை, இலை வாசனை, கொஞ்சம் ஈர மண்ணு வாசனைகூட வரும். காப்பியில பூ வாடாது. திடீர்னு காணாமப் போயிடும். வெறும் இனிப்பு மட்டும் நிக்கும். ஒரு கையில டெஸ்டர், ஒரு கையில என்னோடது அடிங்க. நான் எங்கயும் போகல. சாயங்காலம் மேடமே மோந்து சொல்லட்டும்."

மேனேஜர் மேடத்தைப் பார்த்தார். ஒரு கவுண்டர்காரி தனக்கு வாசனைப் பாடம் எடுப்பது மேடத்துக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அவ சொல்றது சரிதான்" என்றாள் கடைசியில், வேண்டாவெறுப்பாக. "எனக்கு நாலரை வரைக்கும் மேல கிளாஸ் இருக்கு. அப்புறம் பார்க்கலாம்."

மூக்கி கைகளைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினாள். இடது மணிக்கட்டில் டெஸ்டர், வலதில் நாற்பத்தேழு. குழப்பம் வராமலிருக்க இடது கையில் ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினார்கள். கிடங்கில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்து, காவலுக்குச் செக்யூரிட்டி அம்மாவையும் உட்கார வைத்தார்கள். மணி பன்னிரண்டே முக்கால்.

கிடங்கு என்றால் அட்டைப்பெட்டிகளும் ட்யூப் லைட்டும்தான். கம்பி வலை போட்டுப் பூட்டிய ஒரு மூலையில் விலை உயர்ந்த சரக்கெல்லாம் அடுக்கியிருந்தது. அந்தப் பூ சென்ட்டும் அங்கேதான் இருந்தது, கண்ணாடிக் காகிதம் பிரிக்காத பெட்டிகளில். நாலு வருஷத்தில் இதே பெட்டியை எத்தனை பேருக்குப் பையில் போட்டுக் கொடுத்திருப்பாள்? "உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கு மேடம்" என்று எத்தனை தடவை பல்லைக் காட்டியிருப்பாள்? நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

கையை எதிலும் படாமல் மடியில் மல்லாத்தி வைத்திருந்தாள். சாப்பிட முடியாது, சாப்பாட்டு வாசனை ஒட்டிவிடும். ஒன்றரை மணிக்கு வயிறு கூப்பிட ஆரம்பித்தது.

"ஏம்மா இப்படி உட்கார்ந்திருக்கே, பிச்சை கேக்கிற மாதிரி?" என்றார் செக்யூரிட்டி அம்மா.

"நீங்க பண்ணின வேலைதானே?"

"என் வேலையே அதுதானே? இன்னைக்கு உன்னை விட்டேன்னு வை, நாளைக்கு என் போட்டோவை ஒட்டுவாங்க."

அவருக்குச் சம்பளம் தன்னைவிடக் குறைவு என்று மூக்கிக்குத் தெரியும். அதற்காகக் கோபம் குறைந்துவிடுமா என்ன? நாற்பது பேர் முன்னால் ஸ்டிக்கர் எங்கே என்று கேட்ட வாய்தானே அது.

இரண்டு மணிக்குப் பெரியக்கா டீ கொண்டுவந்தாள். மூக்கி கையை நீட்ட முடியாமல் விழித்தாள். பெரியக்கா கப்பைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வேகமாகப் போய்விட்டாள். ஆறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி அம்மா முணுமுணுத்துக்கொண்டே எழுந்துவந்து, கப்பை மூக்கியின் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தார். "மெதுவா. சட்டையில சிந்திக்காதே" என்றார். முதல் வாய் டீ தொண்டையில் இறங்கியதும் மூக்கிக்கு அழுகை முட்டியது. அழுதால் மூக்கடைத்துக்கொள்ளும், மூக்கடைத்தால் எல்லாம் கெட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள்.

மூன்று மணி வரைக்கும் இரண்டு கையும் ஒன்றாகவே மணத்தன. சரி, இனித்தான் பிரியும் என்று காத்திருந்தாள். இடது கையில் காம்பு வாசனை வரவேண்டும். இலை வரவேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மோந்தாள். நடுவில் மூக்கைத் தன் தோள்பட்டைத் துணியில் புதைத்து ஓய்வு கொடுத்தாள். மறுபடி மோந்தாள்.

மூன்றரைக்கு வலது கையில் பூ போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். இடது கையை முகத்துக்குக் கொண்டுபோனாள்.

அதிலும் பூ இல்லை.

மறுபடி மோந்தாள். காம்பும் இல்லை, இலையும் இல்லை, மண்ணும் இல்லை. இரண்டு கையிலும் ஒரே இனிப்பு. மூக்கு செத்துவிட்டதா? இல்லை, பசியில் புத்தி பேதலித்துவிட்டதா?

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்களேன். ரெண்டு கையும் மோந்து பாருங்க."

செக்யூரிட்டி அம்மா குனிந்து மோந்தார். இடது, வலது, மறுபடி இடது. "ரெண்டும் ஒண்ணுதாம்மா. பிஸ்கட் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கு." சொல்லிவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப மேடம் சொன்னது சரின்னு ஆயிடுச்சே. ஏம்மா, எடுத்திருந்தா இப்பவே சொல்லிடு."

சுவரில் நாலாவதாகத் தன் முகம் ஒட்டியிருப்பது மூக்கியின் கண்ணில் வந்து நின்றது. மகள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழி அந்தப் பின்வாசல் வழிதான். கதவு திறந்திருந்தால் சுவர் தெரியும்.

பிஸ்கட் டப்பா.

அசல் ஒருநாளும் பிஸ்கட் டப்பா ஆகாது. நாலு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி கொடுத்த அந்த ஒரு புட்டியை அவள் சொட்டுச் சொட்டாக எட்டு மாசம் வைத்திருந்து பூசியவள். சாயங்காலம் பஸ்ஸில் தலை சாய்த்தால் மணிக்கட்டில் காய்ந்த இலை வாசனை வரும். அது அவளுக்குத் தெரியும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், வலது கையில் அசல் இருக்கிறது என்று மட்டும்தானா அர்த்தம்?

டெஸ்டர் புட்டியின் கழுத்து திருகித் திறக்கிற மாதிரி. தீர்ந்தால் வீணாக்காமல் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம் என்று கம்பெனி பெருமையாக விளம்பரம் செய்திருந்தது. டெஸ்டரைத் தொடும் உரிமை கவுண்டரில் ஒரே ஓர் ஆளுக்குத்தான். மற்றவர்கள் சிரிக்கலாம், பெட்டி கட்டலாம். அட்டையில் அடித்து நீட்டுவது அந்த ஒருத்தி மட்டும்.

நாலு மணிக்கு இன்னொரு டீயோடு பெரியக்கா வந்தாள். இந்தத் தடவை போகாமல் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏன்டி இவ்வளவு பிடிவாதம்? எழுதிக் கொடுத்துட்டுப் போயிடேன். என் தம்பி பொண்டாட்டி ஒரு தையல் கம்பெனியில இருக்கா, அங்க போட்டோ கீட்டோ பார்க்க மாட்டாங்க. நான் சொல்லி விடறேன். என்னால முடிஞ்சதைச் செய்யாம விடுவேனா?"

மூக்கி இடது கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மோந்து பாருங்க அக்கா."

பெரியக்கா மோக்கவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவ்வளவுதான். அதற்கு மேல் மூக்கிக்கு எதுவும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. மத்தியானத்திலிருந்து மேனேஜர் மேலும் மேடம் மேலும் செக்யூரிட்டி அம்மா மேலும் பிரித்துப் பிரித்து வைத்திருந்த கோபமெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தது. கத்தவில்லை. கத்தினால் இவள் எழுந்து ஓடிவிடுவாள், அப்புறம் மேலே போய் என்ன சொல்வாளோ யார் கண்டது.

"இன்னும் அரை மணிதான் அக்கா. நீங்களும் மேல வாங்க" என்றாள்.

நாலரைக்கு மேனேஜர் அறையில் மேடம் இரண்டு கையையும் மோந்தாள். நிதானமாக, இரண்டு தடவை.

"ஆரம்பத்துலயும் ஒண்ணு, முடிவுலயும் ஒண்ணு. நீயே கேட்ட டெஸ்ட்டு. நிரூபிச்சாச்சு."

"ஆமா மேடம். ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள் மூக்கி. "ரெண்டும் காப்பி. உங்க சென்ட்டு நாலு மணி நேரத்துல பிஸ்கட் வாசனையா வரும்? இருபது வருஷமா மோந்துகிட்டிருக்கீங்களே, நீங்களே சொல்லுங்க."

மேடம் மறுபடியும் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்து மோந்தாள். இந்தத் தடவை முகம் வெளுத்தது.

"கிடங்கில இருந்து சீல் உடைக்காத பெட்டி ஒண்ணு கொண்டு வரச் சொல்லுங்க" என்றாள் மேனேஜரிடம்.

"மேடம், உடைச்சா விக்க முடியாது..."

"கொண்டு வரச் சொல்லுங்கன்னேன்."

பெட்டி வந்தது. மூக்கியின் இரண்டு கையும் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் செக்யூரிட்டி அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். ஒரு கையில் புதுப் புட்டி, மறு கையில் டெஸ்டர். நாலு மணி நேரம் தேவைப்படவில்லை. அசல் பக்கத்தில் இருக்கும்போது காப்பி முதல் நிமிஷத்திலேயே பல்லிளித்தது. டெஸ்டர் அடித்த கை சுருக்கென்று மூக்கைக் குத்திவிட்டு எடுத்த எடுப்பில் கத்தியது. புதுப் புட்டி அடித்த கை சும்மா இருந்தது. சும்மா இருந்து, ஆரஞ்சுத் தோல் உரித்த மாதிரி ஏதோ வந்து, அப்புறம்தான் பூ ஒவ்வொன்றாக வந்தது.

மத்தியானம் மேடம் மோந்தது காப்பியையும் காப்பியையும். இரண்டும் ஒன்று என்று சரியாகத்தான் சொன்னாள். எது என்பதில்தான் கோட்டைவிட்டாள்.

"அட, இது வேறம்மா" என்றார் செக்யூரிட்டி அம்மா, தன் கையையே நம்பாமல் பார்த்துக்கொண்டு. "இதுக்காகவா இவ்வளவு விலை?"

எல்லோரும் பெரியக்காவைப் பார்த்தார்கள்.

பெரியக்கா அழுதுகொண்டே சொன்னாள். மாசம் ஒரு டெஸ்டர் வந்துகொண்டிருந்தது. கம்பெனி அதை வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்துவிட்டது. ஒரு மாசத்திலேயே தீர்ந்துவிடுகிறது. மோந்து பார்க்காமல் எவள் வாங்குவாள்? விற்பனை குறைந்தால் கவுண்டரில் ஆளைக் குறைப்பார்கள். அதனால் தீரத் தீரக் கொஞ்சம் கொஞ்சமாக நாற்பத்தேழாம் நம்பரை ஊற்றினாள், சொந்தக் காசில். அசலில் ஒரு துளியும் அவள் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. ஆறு மாசமாகிறது. இப்போது அந்தப் புட்டியில் அசல் என்று எதுவும் மிச்சமில்லை.

"நீங்கதானே சார் சொன்னீங்க, எப்படியாவது சமாளின்னு."

"சமாளின்னுதான் சொன்னேன். எதை வச்சுன்னு சொன்னேனா?" என்றார் மேனேஜர்.

மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு மாசமாக இந்தக் கடையில் எல்லோரும் மோந்தது காப்பியை, வாங்கிக்கொண்டு போனது அசலை, ஒருத்திகூடத் திரும்பி வந்து வாசனை மாறியிருக்கிறது என்று கேட்கவில்லை. விற்பனை ஏறியது. இதை எந்த ரிப்போர்ட்டில் எழுதுவாள்? எழுதினால் முதலில் போவது அவளுடைய இருபது வருஷ மூக்குதான்.

மேனேஜரும் மேடமும் வெளியே போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார்கள். வரும்போதே டைப் செய்த ஒரு தாள் கையில் இருந்தது. மேனேஜர் குரல் தேனாக மாறியிருந்தது.

"உன் மேல தப்பில்லம்மா. தெரிஞ்சு போச்சு. இது ஒண்ணுல மட்டும் சாட்சிக் கையெழுத்துப் போடு. டெஸ்டர்ல இருந்த சென்ட்டை இவங்க திருடிட்டு, தெரியாம இருக்க வேற எதையோ ஊத்தி வச்சாங்கன்னு. இவங்க இன்னைக்கே போயிடுவாங்க. நாளையில இருந்து கவுண்டர் உன் பொறுப்பு."

மூக்கி தாளைப் படித்தாள். 'திருடினார்' என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. மத்தியானம் தன் பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொன்ன அதே வார்த்தை. நாலு மணி நேரத்தில் அதற்கு வேறொரு முகம் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். இவர்களுக்கு ஆள் யாரென்று அக்கறை இல்லை, சுவரில் ஒட்ட ஒரு போட்டோ வேண்டும்.

பெரியக்கா அவளைப் பார்த்த பார்வையில் உயிரே இருக்கவில்லை. பார்க்கட்டும் என்று நினைத்தாள் மூக்கி. நன்றாக வேண்டும் என்றுகூட நினைத்தாள். ஒரு கையெழுத்துதான். போட்டால் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும்.

பேனாவை எடுத்தாள். டைப் செய்த தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் கையால் எழுதினாள்.

'நான் எதையும் திருடவில்லை. இவரும் திருடவில்லை. கம்பெனி டெஸ்டர் அனுப்பாததால் தன் காசில் காப்பியை வாங்கி ஊற்றினார். என்னைத் திருடி என்று பிடித்தபோது உண்மை தெரிந்தும் நாலு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை. தையல் வேலை தேடித் தருகிறேன், ஒத்துக்கொள் என்று சொன்னார்.'

கீழே தன் முழுப் பெயரைப் போட்டாள். செக்யூரிட்டி அம்மாவிடம் பேனாவை நீட்டினாள். அவர் மேனேஜரை ஒரு பார்வை பார்த்தார். காவலுக்கு இருந்தவர் என்று எழுதித் தன் பெயரையும் போட்டார்.

"இதை நான் வாங்கிக்க முடியாது" என்றார் மேனேஜர்.

"வேற எழுத மாட்டேன். போட்டோ எடுத்துக்கறேன். எனக்கும் அனுப்பத் தெரியும், எத்தனையோ கடைக்கு." மூக்கி தன் போனில் தாளைப் படமெடுத்தாள். யாரும் தடுக்கவில்லை.

பெரியக்கா மேசையருகே வந்து தாளைப் படித்தாள். படித்துக்கொண்டே போனவள் இரண்டாவது வரியில் நின்று, மூக்கியின் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். பிறகு மேலே படித்தாள். தேம்பல் நின்றது.

"இவ்வளவு செஞ்சியே" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அந்தக் கடைசி ரெண்டு வரியை மட்டும் அடிச்சிடேன்டி. யாராவது படிச்சா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

மூக்கி அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள்.

"மத்தியானம் நாற்பது பேர் என்னைப் பத்தி நினைச்சாங்களே அக்கா, அப்ப நீ எங்க இருந்தே?"